‘கிளியர்’ பண்ணியது எதை? வன்னிக்கு வந்த ஓர் ஆங்கில வினையின் பொருள்களும் பயன்பாடுகளும்

2025 ஜனவரி முதலாம் திகதி ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ வேலைத்திட்டம் தொடங்கியது. அந்தப் பெயரை யாரும் தமிழாக்கவில்லை. ஆங்கிலச் சொல்லே தமிழ் எழுத்தில் பதாகைகளில் ஏறியது. அதற்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் படைத் தளபதிகள் இடம்பெற்றனர். தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை என்ற விமர்சனமும் உடனேயே எழுந்தது. கடற்கரையையும் பேருந்து நிலையத்தையும் துப்புரவாக்குவதை யாரும் எதிர்க்கப் போவதில்லை. ஆனாலும் வன்னியில் நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, அரசாங்கத்தின் வாயிலிருந்து துப்புரவாக்கும் ஆங்கில வினை ஒன்று வரும்போது காது சற்றுக் கூர்மையாகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

கிளீன், கிளியர், மொப், ஸ்வீப் என்ற இந்தச் சொற்குடும்பம் வீட்டு முற்றத்தில் பிறந்தது. எங்களிடம் அது பெரும்பாலும் சோதனைச்சாவடி வழியாகவும் படை அறிக்கைகள் வழியாகவும் வந்து சேர்ந்தது. இன்று கண்ணிவெடி அகற்றல் பத்திரம், காணி விடுவிப்பு அறிவித்தல், பொலிஸ் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான கடிதம் எல்லாவற்றிலும் அதே வினை வெவ்வேறு பொருளில் நிற்கிறது. எது எந்தப் பொருளில் நிற்கிறது என்று பிரித்து அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

வினையின் அமைப்பு

ஆங்கிலத்தில் ஒரு சிறிய வினைக்குப் பின்னால் அப், அவுட், ஒஃப், அவே போன்ற குட்டிச் சொல் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதும் பொருள் மாறிவிடும். ‘கிளியர்’ என்றால் தடையை நீக்குதல். ‘கிளியர் அவே’ என்றால் சாப்பிட்ட கோப்பைகளை எடுத்து ஒதுக்குதல். ‘கிளியர் ஒஃப்’ என்றால் கடனை முற்றாக அடைத்தல். அதையே ஓர் ஆளைப் பார்த்துக் கத்தினால் ‘ஓடிப் போ’ என்று பொருள். ‘கிளியர் அவுட்’ என்றால் அலுமாரியை வெறுமையாக்குதல். ஆட்களைக் குறித்துச் சொன்னால் இடத்தைவிட்டு வெளியேறுதல் அல்லது வெளியேற்றுதல். ‘கிளியர் அப்’ இன்னும் அகலமானது. குப்பை அள்ளுதல், மழை விட்டு வானம் வெளித்தல், புண் ஆறுதல், சந்தேகம் தீர்தல் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இது எங்களுக்குப் புதுமையான ஏற்பாடு அல்ல. ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் ‘விடு’ என்ற துணைவினை காட்டுகிறது. செயல் முழுமையாக முடிந்துவிட்டது என்பதே அது சொல்லும் செய்தி. ஆங்கிலத்தின் ‘அப்’ பல இடங்களில் செய்வதும் இதைத்தான். ‘கிளீன்’ என்றால் துப்புரவாக்கு. ‘கிளீன் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் துப்புரவாக்கி முடி. இந்த ‘மிச்சம் வைக்காமல்’ என்ற தொனி குப்பைக்கு நல்லது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அதே தொனி என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு இயல்பு இதைவிட முக்கியமானது. ‘முற்றத்தைக் கூட்டினாள்’ என்கிறோம். ‘குப்பையைக் கூட்டினாள்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் துப்புரவாவது இடம். இரண்டாவதில் அகற்றப்படுவது பொருள். ஒரே வினை இரண்டையும் செயப்படுபொருளாக ஏற்கிறது. ஆங்கிலக் ‘கிளியர்’ உம் அப்படித்தான்: மேசையையும் கிளியர் பண்ணலாம், மேசையில் உள்ள கோப்பைகளையும் கிளியர் பண்ணலாம். ஆனால் தமிழில் ‘கூட்டு’ போன்ற வினைகள் குறைவு. ‘துப்புரவாக்கு’ என்றால் இடத்தைத்தான் துப்புரவாக்கலாம். குப்பையைத் துப்புரவாக்கினேன் என்று யாரும் சொல்வதில்லை. ‘அகற்று’ என்றால் எதை அகற்றினீர்கள் என்று சொல்லியே ஆகவேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் ‘கிளியர்ட்’ என்று எழுதிவிட்டு எது அகற்றப்பட்டது என்பதைச் சொல்லாமல் நழுவலாம். நேர்மையாகத் தமிழாக்கினால் நழுவ முடியாது. இலங்கையின் போர்க்கால மொழி முழுவதும் இந்த நழுவலில்தான் நின்றது.

அன்றாடப் பேச்சில் இச்சொல் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. காசோலை கிளியர் ஆகவேணும், துறைமுகத்தில் பெட்டி கிளியர் பண்ணவேணும், தொலைபேசியில் குரல் கிளியராகக் கேட்கவில்லை, பிள்ளை பரீட்சையைக் கிளியர் பண்ணிவிட்டாள், நுண்கடன் நிறுவனத்தின் கிழமைக் காசை இந்த மாதமாவது கிளியர் பண்ணவேணும். வெளிநாடு போகிறவர் எடுப்பது ‘பொலிஸ் கிளியரன்ஸ்’. அவர்மீது பொலிஸ் பதிவில் குற்றம் ஏதும் இல்லை என்பதற்கான சான்று அது. அங்கே கிளியர் ஆவது இடமும் அல்ல, பொருளும் அல்ல, ஆளின் பெயர். வவுனியாவில் தொண்ணூறுகளில் ‘பாஸ்’ எடுத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் விளங்கும்.

‘கிளியர்ட்’, ‘அன்கிளியர்ட்’

தொண்ணூறுகளில் கொழும்பு அரசாங்கமும் படைத்தரப்பும் வடக்கு கிழக்கை இரண்டாகப் பிரித்துப் பேசின. படையினர் நின்ற இடம் ‘கிளியர்ட் ஏரியா’. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடம் ‘அன்கிளியர்ட் ஏரியா’. ஆங்கிலப் பத்திரிகைகளும் அரச சுற்றறிக்கைகளும் தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களும் இந்த இரண்டு பெட்டிகளைப் பயன்படுத்தின. வவுனியா நகரம் கிளியர்ட். தாண்டிக்குளத்தைத் தாண்டினால், பிற்காலத்தில் ஓமந்தையைத் தாண்டினால், அன்கிளியர்ட். சோதனைச்சாவடியில் நின்ற சனமும் அதையே எடுத்துக்கொண்டது. ‘நீங்கள் அன்கிளியர் ஏரியாவிலிருந்தோ வாறியள்?’ என்பது வவுனியாக் கடைத்தெருவில் சாதாரணக் கேள்வி. கேட்டவர் தமிழர், கேட்கப்பட்டவரும் தமிழர். கேள்விக்குள் இருந்த பிரிவினை மட்டும் வேறொருவருடையது.

கிளியர் பண்ணப்பட்டது எதை? அதிகாரபூர்வமான பதில், புலிகளை. ஆனால் சொல்லின் அமைப்பு அதைச் சொல்லவில்லை. அது இடத்தை மட்டும் பெயரிட்டது. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓரிரு நாட்களில் வெளியேறினார்கள். அடுத்த மாதங்களில் அவர்களில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். படையினர் யாழ்ப்பாண நகருக்குள் நுழைந்தபோது அது ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. 1996 இல் ‘சத்ஜய’ நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோதும் அங்கே சனம் இல்லை. இரண்டும் வரைபடத்தில் கிளியர்ட் ஆகின. அன்கிளியர்ட் என்று பெயர் பெற்ற பக்கத்திலோ, மரங்களுக்குக் கீழும் பாடசாலைக் கட்டடங்களிலும் இலட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு மருந்து, எரிபொருள், சீமெந்து எல்லாமே அனுமதியோடுதான் போகலாம். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த தலைமுறை அது. துப்புரவு என்ற சொல் நேர்ப்பொருளில் எங்கே தேவைப்பட்டது என்று பாருங்கள்.

2002 பெப்ரவரி 22 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் ஆங்கில வாசகம் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, இரு தரப்பினதும் ‘கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகள்’ என்ற பொருளில் எழுதியது. இரண்டு தரப்பும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டுமானால் ஒரு தரப்பை அழுக்காகக் காட்டும் வினை உதவாது. தமிழ்ப் பத்திரிகைகள் பல அதற்கு முன்பே ‘இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி’, ‘புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று எழுதி வந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் அரசியல் பேசாமலே சரியான சொல்லைக் கண்டுபிடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

அரச ஊடகங்களின் தமிழ் வேறு வழியில் போனது. அங்கே ‘கிளியர்ட்’ என்பது ‘விடுவிக்கப்பட்ட பகுதி’ ஆனது. ‘அன்கிளியர்ட்’ என்பது ‘விடுவிக்கப்படாத பகுதி’ ஆனது. துப்புரவாக்குதல் மொழிபெயர்ப்பில் விடுதலையாகிவிட்டது. இந்த ‘விடுவி’ என்ற வினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு திரும்பி வருகிறது.

துடைத்தல், வளைத்தல், களையெடுத்தல்

‘மொப் அப்’ என்பதன் நேர்ப்பொருள் எளிது. மொப் என்பது நிலம் துடைக்கும் தடித்த துணி கட்டிய தடி. தரையில் கொட்டிய தண்ணீரை அதனால் ஒற்றி எடுத்து முடிப்பது மொப் அப். மீன்குழம்பின் கடைசித் துளியைப் பாண் துண்டால் ஒற்றி எடுப்பதும் அதுவே. இராணுவப் பொருள் முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளில் பரவலானது. முதல் அலைப் படை குழியைத் தாண்டி முன்னே போய்விடும். பின்னால் வரும் பிரிவு குழிகளுக்குள் எஞ்சியிருப்போரைக் கொல்லும் அல்லது பிடிக்கும். அந்தப் பின்வேலைதான் மொப்பிங் அப்.

வீட்டுச் சொல் ஒன்று போருக்குள் போவதன் பயன் என்ன? எஞ்சியிருப்பவர்கள் திரவமாகிவிடுகிறார்கள். திரவத்துக்கு முகம் இல்லை, வயது இல்லை, எண்ணிக்கை இல்லை. 2009 மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்கால் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘மொப்பிங் அப்’ என்ற தொடர் வந்தது. அந்தச் சிறிய நிலத்துண்டில் அப்போது இருந்தது ஆயுததாரிகள் மட்டும் அல்ல. போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் கூறியது. பதுங்கு குழி என்றால் வன்னியில் அது படையணியின் குழி அல்ல, குடும்பத்தின் குழி. சாறத்திலும் சேலையிலும் மண் நிரப்பி அடுக்கிய குழி. ‘எஞ்சியோரைத் துடைத்தெறிதல்’ என்று தமிழில் எழுதினால் வாசகர் உடனே ‘யாரை?’ என்று கேட்பார். ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி தானாக எழுவதில்லை.

இந்த வகை வினைகளில் தமிழே முழுதாக விழுங்கிவிட்ட ஒன்றும் உண்டு: ‘ரவுண்டப்’. மாடுகளை ஒரு பட்டிக்கு வளைத்து ஓட்டுவதற்கான ஆங்கிலச் சொல் அது. எண்பதுகளிலிருந்து வடக்கில் விடியற்காலை நாய் குரைத்தால் கேட்கும் முதற்கேள்வி ‘ரவுண்டப்போ?’ என்பதே. பத்திரிகைகள் ‘சுற்றிவளைப்புத் தேடுதல்’ என்று எழுதின. சனம் ரவுண்டப் என்றே சொன்னது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத அம்மம்மாக்களும் இதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள்.

ஆங்கிலத்தின் ‘வீட் அவுட்’ களை பிடுங்குவது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரைத் தடுத்து வைத்ததற்கு, சனத்துக்குள் இருக்கும் புலிகளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் இதே உவமையைத் தமிழ் இயக்கங்களும் கைக்கொண்டிருந்தன என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ‘களையெடுப்பு’ என்ற சொல், வயலில் குனிந்து நின்று கோரை பிடுங்கிய பெண்களின் சொல். அது எண்பதுகளிலிருந்து ‘துரோகி’ என்று முத்திரை குத்தப்பட்டவரைக் கொல்வதற்கான பெயரானது. களை எது, பயிர் எது என்பதைத் துவக்கு வைத்திருந்தவரே தீர்மானித்தார். ஆங்கில வினையைத் திட்டும்போது எங்கள் சொந்த வினையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘கிளியர் அவுட்’: வெறுமையாக்குதல்

மேலே சொன்ன ‘கிளியர் அவுட்’ இன் இரண்டாவது பொருளுக்கு முல்லைத்தீவு மாவட்டத்திலேயே இரண்டு சாட்சியங்கள் உண்டு.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தங்கள் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கரையோரத்தில் தலைமுறைகளாக இருந்த மீனவரும் விவசாயிகளும் அவர்கள். அப்பக்கத்து மணலாறு பிரதேசம் பின்னர் ‘வெலிஓயா’ என்று பெயர் மாற்றப்பட்டது. இடம்பெயர்ந்தோர் ஊருக்குத் திரும்பப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பியவர்கள் எல்லோருக்கும் பழைய வயல் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அங்கே கிளியர் அவுட் செய்யப்பட்டது கிராமங்கள். செய்தவர்கள் அரச படையினர்.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற இடங்களில் வாழ்ந்த முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடக்கம். மொத்தமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். செய்தவர்கள் விடுதலைப் புலிகள். இதற்கு ‘இனச் சுத்திகரிப்பு’ என்ற பெயரைச் சூட்டினால் சிலருக்குக் கோபம் வருகிறது. அந்தத் தொடர் 1992 இல் பொஸ்னியப் போரின்போது சேர்போ-குரோவாசிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. அதிலும் துப்புரவாக்கும் வினைதான் நிற்கிறது. சுத்திகரிப்பு என்ற சொல் செய்தவரின் பார்வையிலிருந்து பேசுகிறது. போனவர்கள் அழுக்கு என்கிறது. ஆகவே அந்தத் தொடரைவிட ‘வெளியேற்றம்’, ‘விரட்டியடிப்பு’ என்பன உண்மைக்கு நெருக்கமானவை என்பது எனது எண்ணம். சொல் மாறினாலும் நடந்ததன் பாரம் குறையாது. யார் யாரை என்பது மட்டும் தெளிவாகும்.

கண்ணிவெடி: இதே வினை உயிரைக் காக்கும் இடம்

மேலே உள்ள பகுதிகள் கடந்த காலத்தைப் பற்றியவை. இப்பகுதி இன்று காணிக்குள் இறங்குபவருக்கானது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

‘மைன் கிளியரன்ஸ்’ என்பதைக் ‘கண்ணிவெடி அகற்றல்’ என்று தமிழாக்கியவருக்கு நன்றி சொல்லவேண்டும். எது அகற்றப்படுகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆள் மிதித்தால் வெடிப்பதை எங்கள் சனம் ‘மிதிவெடி’ என்று தனியாகப் பிரித்தும் சொல்கிறது. படையினர் புதைத்தவற்றில் பாகிஸ்தான் தயாரிப்பான பி4 வகை பரவலானது. புலிகள் புதைத்தவை ஜொனி 95, ரங்கன் 99 போன்ற உள்ளூர்த் தயாரிப்புகள். பளை, பச்சிலைப்பள்ளி பக்கம் முகமாலை முன்னரங்கில் இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் புதைத்துக்கொண்டே இருந்ததால் அது நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்றாயிற்று.

2002 போர்நிறுத்தத்தோடு ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற சர்வதேச நிறுவனங்கள் வந்தன. போருக்குப் பின் டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு நிறுவனங்களும் சேர்ந்தன. 2010 இல் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் அமைந்தது. களத்தில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் வன்னிப் பெண்கள். கணவனைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் அவர்களில் பலர். உலோகங்காட்டிக் கருவியோடு, மண்ணைப் படை படையாக வாரி எடுக்கும் இரும்பு றேக்கும் இங்கே பயன்பட்டது. தோட்டம் கூட்டும் கருவி உயிர் காக்கும் கருவியானது. துப்புரவு வினை தன் சொந்தப் பொருளுக்கு மிக அருகில் வந்து நின்றது இந்த இடத்தில்தான் என்று சொல்லலாம்.

ஆனால் இங்கும் ‘கிளியர்ட்’ என்ற சொல்லுக்கு எல்லை உண்டு. அந்த எல்லை உயிர் சம்பந்தப்பட்டது. சர்வதேசத் தரநிலையில் ஒரு நிலம் ‘கிளியர்ட்’ என்றால், குறித்த பரப்புக்குள், குறித்த ஆழம் வரை, ஆபத்தான வெடிபொருட்கள் அகற்றப்பட்டன என்று பொருள். பரப்பும் ஆழமும் சேர்ந்ததே அந்தச் சொல். தோட்டம் கொத்துவதற்குப் போதுமான ஆழம், கிணறு வெட்டவும் மலசலகூடக் குழி தோண்டவும் அத்திவாரம் போடவும் போதுமானதாக இருக்கவேண்டும் என்றில்லை. எறிகணை விழுந்து வெடிக்காமல் போனால் அது மிதிவெடியைவிட ஆழத்தில் புதைந்து கிடக்கலாம். போர் நடந்த பரப்பில் மேற்பரப்பில் கிடப்பவற்றை மட்டும் பொறுக்கி அகற்றும் வேலையும் உண்டு. அதற்கும் ‘கிளியரன்ஸ்’ என்றே பெயர்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிலம் மக்களிடம் திரும்பி வர மூன்று வழிகள் உள்ளன. ஊராரை விசாரித்து, தடயங்களைப் பார்த்து, ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கலாம். கருவியோடு இறங்கி ஒரு பகுதியை ஆராய்ந்து, ஆபத்துள்ள பரப்பைச் சுருக்கலாம். முழுமையாக அகற்றும் வேலையையும் செய்யலாம். மூன்றாவது மட்டுமே உண்மையில் கிளியர் பண்ணிய நிலம். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர் ‘காணி விடுவிப்பு’. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. வெடியே புதைக்கப்படாத வயலை அங்குலம் அங்குலமாகத் தோண்டினால் காசும் காலமும்தான் வீண். ஆனால் உங்கள் காணி எந்த வழியால் வந்தது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கையளிப்புப் பத்திரத்தில் அது இருக்கும். பிரதேச செயலகத்திலும் கிளிநொச்சியில் உள்ள பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்திலும் கேட்கலாம். ‘கிளியர் பண்ணியாச்சோ?’ என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். ‘எந்த ஆழத்துக்கு, எந்த எல்லை வரை, என்னென்ன எடுத்தார்கள்?’ என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் வரும்.

வளவு துப்புரவாக்கும்போது குப்பைக்குத் தீ வைத்தார், மண்ணுக்குள் கிடந்தது வெடித்தது என்ற செய்தி போருக்குப் பிந்திய வன்னியில் பலமுறை வந்திருக்கிறது. பல ஆண்டு பத்தை பிடித்துக் கிடந்த வளவில் நெருப்பு மூட்டுவதைத் தவிர்க்கவேண்டும். பழைய இரும்புக்கு விலை உண்டு என்று தெரியாத உருளையைத் தட்டிப் பார்க்கக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடி வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ 119 இலக்கத்தில் பொலிஸாரிடமோ சொல்லவேண்டும்.

ஒட்டாவா உடன்படிக்கை எனப்படும் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 இல் இணைந்தது. அதன்படி புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 வரை காலம் உண்டு. ‘முடிந்தது’ என்ற அறிவிப்பு எப்போது வந்தாலும் அதிலும் இந்த வினையே இருக்கும்.

‘விடுவிப்பு’ திரும்பி வந்த கதை

தொண்ணூறுகளில் படையினர் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அரச வானொலித் தமிழில் அந்த ஊர் ‘விடுவிக்கப்பட்டது’. இன்று படையினர் ஓர் ஊரைவிட்டு வெளியேறினால் அதே அரசாங்கத் தமிழில் அந்தக் காணி ‘விடுவிக்கப்பட்டது’. உள்ளே வந்ததற்கும் விடுவிப்பு, வெளியே போனதற்கும் விடுவிப்பு. ஆங்கிலத்தில் முன்னது ‘கிளியர்’, பின்னது ‘ரிலீஸ்’. தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் விழுந்தன. அதற்கு மேல் மேற்சொன்ன கண்ணிவெடிக் காணி விடுவிப்பும் இருக்கிறது. ஆகவே ‘முல்லைத்தீவில் இத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது’ என்று ஒரு தலைப்பு வந்தால், அது வெடி அகற்றிய நிலமா, படை விட்ட நிலமா என்று உள்ளே வாசித்துத்தான் அறியவேண்டும். சில அறிக்கைகளில் உள்ளே வாசித்தாலும் தெரிவதில்லை. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டினால் எண் பெரிதாகத் தெரியும். வாசகர் அவற்றைப் பிரித்துக் கேட்கவேண்டும்.

கேப்பாபிலவு மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் அவர்களும் இருந்தார்கள். ஊருக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையில் ஏறியவர்கள் சீனியாமோட்டையில் காட்டை வெட்டி வெளியாக்கிய துண்டில் இறக்கப்பட்டார்கள். அவர்களின் சொந்தக் காணி படைத் தலைமையகத்தின் வேலிக்குள் இருந்தது. முகாம் கிளியர் அவுட் ஆனது. ஊர் கிளியர் ஆகவில்லை. பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாமின் வாயிலில் குந்தினார்கள். ஒரு மாதம் இரவும் பகலும் இருந்த பிறகு மார்ச் முதலாம் திகதி அவர்களின் காணி கையளிக்கப்பட்டது. கேப்பாபிலவின் ஏனைய மக்கள் தங்கள் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். அந்தக் கூடாரங்களின் பதாகைகளில் இருந்தது ‘எமது நிலம் எமக்கு வேண்டும்’ என்ற வகை வாசகம்தான். விடுவிப்பு என்ற அலுவலகச் சொல்லை அவர்கள் தவிர்த்ததற்குக் காரணம் இருக்கலாம். யாருக்குத் திரும்பி வருகிறது என்பதை ‘எமக்கு’ சொல்கிறது. விடுவிப்பில் அது இல்லை.

‘கிளியர் அப்’: தீர்த்தலா, முடித்தலா

கடைசியாக, இக்குடும்பத்தில் மிக மென்மையாக ஒலிப்பதும் வன்னியில் இன்று மிகவும் பாரமானதுமான பயன்பாடு. ஒரு மர்மத்தை ‘கிளியர் அப்’ பண்ணுவது என்றால் நடந்தது என்ன என்று கண்டறிந்து சொல்வது. மேசையில் குவிந்த கோப்புகளை ‘கிளியர் அப்’ பண்ணுவது என்றால் குவியலை இல்லாமல் செய்வது. முதலாவதில் கேள்விக்கு விடை கிடைக்கிறது. இரண்டாவதில் கேள்வி மேசையிலிருந்து அகற்றப்படுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் முன்னது ‘தெளிவுபடுத்தல்’, பின்னது ‘முடித்துவைத்தல்’.

2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் உருவானது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று பதியாமல், அவர் காணப்படவில்லை என்று சான்று தரும் ஏற்பாடும் அதே ஆண்டில் சட்டமானது. வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று நடைமுறையில் அந்தச் சான்றிதழ் சிலருக்கு உதவுகிறது. எடுத்தவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் சான்றிதழும் இழப்பீடும் கையில் வந்தவுடன் கோப்பு மூடப்பட்டுவிடும் என்ற அச்சம் பெரும்பாலான குடும்பங்களிடம் இருக்கிறது. அந்த அச்சம் சொல்லின் இரண்டாவது பொருளைப் பற்றியது.

2023 ஜூன் 29 அன்று கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க மண் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 1984 இல் வெறுமையாக்கப்பட்ட அதே ஊர். நீதிமன்றக் கண்காணிப்பில் செப்டெம்பரில் தொடங்கிய அகழ்வு 2024 ஜூலையில் நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. குழியிலிருந்து எலும்புகளை எடுத்து முடிப்பது ஒரு கிளியர் அப். அவை யாருடையவை, எப்படி அங்கே வந்தன, யார் பொறுப்பு என்று சொல்வது இன்னொரு கிளியர் அப். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று அமர்ந்த தாய்மார் கேட்பது இரண்டாவதை.